ஜெர்மன் காலாட்படைத் தாக்குதல் பேட்ஜ்: அசலா, போலியா? கேள்வி பதில்

கேள்வி: வெள்ளி பேட்ஜ் என்றார்கள். வந்ததோ சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது. ஏமாந்துவிட்டேனா சார்?

பதில்: அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் தாக்குதலில் இறங்கிய ஜெர்மன் காலாட்படையினருக்கான இந்தச் சின்னம் 1939 டிசம்பர் 20 அன்று அறிவிக்கப்பட்டபோது டோம்பாக் என்ற செம்பு-துத்தநாகக் கலவையில் அடித்தார்கள். போர் நீள நீளச் செம்புக்குத் தட்டுப்பாடு வந்து துத்தநாகத்துக்கு மாறினார்கள். துத்தநாகத்தின் மேல் வெள்ளிப் பூச்சு நிற்காது, சாம்பல்தான் மிஞ்சும். பளபளக்கும் துத்தநாகத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி: வெள்ளி, வெண்கலம் எதற்கு?

பதில்: வெள்ளி சாதாரணக் காலாட்படைக்கு. வெண்கலம், 1940 ஜூன் முதல், வாகனமேறிய காலாட்படைக்கு. தகுதி இரண்டுக்கும் ஒன்றே: மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தாக்குதல்கள்.

கேள்வி: வார்ப்புப் போலியை எப்படிப் பிடிப்பது?

பதில்: முதலில் வெர்னியரால் அளவெடுங்கள். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும். அதே தயாரிப்பாளரின் அசலை விடச் சற்றுச் சிறிதாக இருக்கும். அடுத்து 10 மடங்கு லென்ஸில் கழுகின் இறகு, துப்பாக்கி விளிம்பு. கோடுகள் மழுங்கி, பள்ளங்களில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் விலகுங்கள். ஆனால் போர்க்கால துத்தநாக பேட்ஜ்களிலும் அச்சுக் குறைகள் உண்டு. ஒரே தயாரிப்பாளரின் பல அசல்களில் அதே இடத்தில் அதே குறை வந்தால் அது சாதகமான அடையாளம். எனவே முன்பக்கத்தை விடப் பின்பக்கத்தைப் பாருங்கள்: கீல், ஊசி, கொக்கி மூன்றும் அந்தத் தயாரிப்பாளரின் பாணியில் இருக்கவேண்டும்.

கேள்வி: காந்தம் உதவுமா?

பதில்: ஓரளவு. உடல் ஒட்டக்கூடாது, ஊசி எஃகு என்றால் ஒட்டும். இன்னொரு சின்னமான நெருக்கச்சமர்ப் பட்டையில் (கைகலப்புச் சண்டைக்கானது, 1942 நவம்பர் 25-ல் அறிவித்தது; 15 நாள் சண்டைக்கு வெண்கலம், 30-க்கு வெள்ளி, 50-க்குத் தங்கம்) நடுவில் பதித்த கறுத்த தகடு பெரும்பாலும் எஃகு, அது ஒட்டும். அந்தப் பட்டையின் தங்க வகை மலிவாக வந்தால் விற்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்; பெற்றவர்களே சுமார் 630 பேர்தான்.

கேள்வி: கழுகு இருக்கிறது, ஸ்வஸ்திகா இல்லை. சுரண்டிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 1957 சட்டப்படி மேற்கு ஜெர்மனியில் அணிய அனுமதித்த வடிவம் அது. தனியாகச் சேர்க்கலாம், போர்க்கால அசலுக்குரிய விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: ஐயோ! அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். பஞ்சுக் கையுறையோடு எடுத்து, மென்தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் பச்சைப் பிசினாகப் படியும். பாலியெஸ்டர் உறையில் வைத்து, பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுவிடுங்கள்.