வலம் வரும்போதுதான் கயிறு இறுகுகிறது

கேள்வி: எங்கள் மகளுக்கு 6 வயது. வெல்ஷ் செக்‌ஷன் ஏ என்ற சிறு வகைப் போனி ஒன்று வைத்திருக்கிறோம், உயரம் 11.2 கை (குதிரை உயரத்தின் அளவு, ஒரு கை 4 அங்குலம்). இங்கிலாந்தில் எங்கள் வட்டார ஷோக்களில் லீட் ரெயின் போட்டி வகுப்பில் (குழந்தை ஏறியிருக்க, பெரியவர் ஒருவர் கயிறு பிடித்துக் கூடவே வருவது) கலந்துகொள்கிறாள். என் கணவர் கயிறு பிடித்து ஓடுகிறார். தனியாகச் செய்து காட்டும் ஷோவுக்கு 20 மீட்டரில் இரண்டு வட்டம், நடுவே பாம்புபோல் வளைந்து ஒரு ஓட்டம், மூன்று நிறுத்தம் என்று வைத்திருந்தோம். போன முறை திடலை ஒழுங்குபடுத்தும் அலுவலரான ஸ்டூவர்ட் வந்து, “சுருக்கமாக முடியுங்கள்” என்று சொல்லிவிட்டார். இடப்பக்கம் சுற்றும்போது போனி அழகாகப் போகிறது. வலப்பக்கம் சுற்றினால் தலையை வெளியே திருப்பிக்கொண்டு கோணலாகிவிடுகிறது, மகளும் சாய்ந்துவிடுகிறாள். புதிதாக எப்படித் திட்டமிடுவது?
– வார்விக்‌ஷயர் வாசகி

பதில்: போனியின் மேல் பழி போடாதீர்கள். இது வட்டத்தின் கணக்கு.

லீட் ரெயினில் கயிறு பிடிப்பவர் போனியின் இடப்பக்கம் ஓடுகிறார். இடச்சுற்றில் அவர் வட்டத்துக்கு உள்ளே இருப்பதால் ஓட வேண்டிய தூரம் குறைவு. வலச்சுற்று, அதாவது நாம் கோயிலை வலம் வருகிற திசை, தொடங்கியதும் அவர் வெளிப்பக்கம் ஆகிவிடுகிறார். போனியின் நடுமுதுகிலிருந்து அவர் 1 மீட்டர் தள்ளி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் சிறியதோ பெரியதோ, ஒரு சுற்றுக்கு அவர் போனியைவிட 6.3 மீட்டர் கூடுதலாக ஓடியே ஆக வேண்டும். 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் போனிக்கு 31.4 மீட்டர், அவருக்கு 37.7 மீட்டர்; போனியைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிக வேகம் வேண்டும். 20 மீட்டர் வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் உங்கள் பழைய திட்டத்தில் வலச்சுற்று வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும். அரை அடி பின்தங்கினாலே கயிறு இறுகும். கயிறு மாட்டியிருப்பது மூக்குப்பட்டையில். பட்டை இடப்பக்கம் இழுபட்டால் தலை வெளியே திரும்பும். தலை வெளியே போனால் தோள் உள்ளே விழும். தோள் விழுகிற பக்கம் குழந்தையும் சாயும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளும் இந்த ஒரே சங்கிலிதான்.

ஆகவே திட்டத்தை வலச்சுற்றிலிருந்து தொடங்குங்கள். முதல் வட்டமே அதுவாக இருக்கட்டும், கணவருக்கு மூச்சு இருக்கும்போதே முடிந்துவிடட்டும். நல்ல பக்கத்தை முதலில் காட்டிக் குழந்தைக்குத் தைரியம் ஏற்றுவது வழக்கம். சிக்கல் ஓடுகிறவரிடம் இருக்கும்போது அந்த வழக்கத்துக்குப் பயன் இல்லை.

நடுவர் எதைப் பார்க்கிறார் என்பதும் முக்கியம். பெரியவர்களுக்கான ஹண்டர் (வேட்டைக் குதிரை), காப் (கட்டையான, பலமான குதிரை) வகுப்புகளில் நடுவரே ஏறி ஓட்டிப் பார்ப்பார். குழந்தைகளின் போனிகளில் ஏற மாட்டார். போனியின் குணம் எப்படி என்று அவருக்குத் தெரிய, உங்கள் மகளின் கீழ் அது நடந்துகொள்ளும் விதத்தைத் தவிர வேறு வழியில்லை. கயிறு தளர்ந்து ஒரு சிறு தொய்வோடு தொங்கினால், குழந்தைதான் ஓட்டுகிறாள், அப்பா துணைக்கு ஓடுகிறார் என்று தெரியும். இறுகியிருந்தால் அப்பா இழுத்துக்கொண்டு போகிற போனி, மேலே ஒரு குழந்தை. பாம்பு வளைவும் மூன்று நிறுத்தங்களும் இந்த வித்தியாசத்தை மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும். லீட் ரெயினில் கேன்டர் எனும் பாய்ச்சல் ஓட்டம் கிடையாது; நடை, டிராட் எனும் இரட்டைத்தாள ஓட்டம், நிறுத்தம், இவ்வளவுதான் கையிருப்பு. அதைச் சுத்தமாகக் காட்ட ஒரு நிமிடம் தாராளம்.

இனி பாதை. போனிகள் வரிசையாக நிற்க, நடுவர் வரிசைக்கு முன்னால் ரிங்கை, அதாவது போட்டித் திடலை, பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். வரிசையிலிருந்து நடந்து வந்து, அவருக்கு 5 மீட்டர் முன்னால் பக்கவாட்டாக நிறுத்துங்கள். எந்தப் பக்கம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். கணவர் இடப்பக்கம் நிற்பதால், போனியின் வலப்பக்கம் நடுவரைப் பார்த்திருக்க வேண்டும். தலை நடுவரின் வலக்கைப் பக்கம் இருக்கும். மாற்றி நிறுத்தினால் நடுவர் பார்ப்பது உங்கள் கணவரின் கோட்டைத்தான். நான்கு கால்களும் சதுரமாக நின்றதும் மகள் மனசுக்குள் நான்கு வரை எண்ணட்டும். இரண்டிலேயே கிளம்பினால் நிறுத்தம் நிறுத்தமாகத் தெரியாது. ஆறு தாண்டினால் போனி புல்லுக்குத் தலையைக் குனியும்.

பிறகு இடப்பக்கம் திரும்பி, நடுவருக்கு நேர் எதிரே விலகி 12 மீட்டர் நடை. பின்னங்கால்கள் நேராக விழுகின்றனவா என்று அவர் பார்ப்பது இப்போதுதான், கோடு வளையக் கூடாது. கடைசி இரண்டு அடியில் மகள் லகானைச் சற்றுத் திரட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் டிராட் கேட்கட்டும். கூட்டத்தைவிட்டு விலகும் திசையில் போனி மந்தமாகத்தான் கிளம்பும். அதற்காகக் கணவர் முன்னே போய் இழுக்கக் கூடாது. நடையையே முன்கூட்டிச் சுறுசுறுப்பாக்கிவிட்டால் போதும். ஐந்து மீட்டர் நேராக டிராட், அப்புறம் 12 மீட்டர் விட்டத்தில் ஒரு முழு வலச்சுற்று. போனிக்கு 37.7 மீட்டர், கணவருக்கு 44. உங்கள் 20 மீட்டர் வட்டத்தைச் சுருக்குவதால் அவர் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் 20 மீட்டர் வட்டத்தின் மறுமுனையில் 117 சென்டிமீட்டர் போனி நடுவருக்குப் பொம்மைபோலத் தெரியும், நேரமும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். 10 மீட்டருக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

இந்த வட்டத்தில் நடுவருக்கு அருகே வருகிற பகுதியில், கணவர் அவருக்கும் போனிக்கும் நடுவில் இருப்பார். தவிர்க்க முடியாது. அங்கே அவர் தோளை ஒட்டி ஓடாமல் கழுத்தின் நடுப்பகுதிக்கு இணையாக ஓடினால், போனியின் உடலும் குழந்தையின் இருக்கையும் மறைவதில்லை. அரை அடி முன்னால் இருப்பதால் கயிறு பின்னுக்கு இழுபடுவதும் நிற்கும்.

வட்டம் தொடங்கிய புள்ளிக்குத் திரும்பியதும் திசை மாற்றம். மகள் டிராட்டில் எழுந்து அமர்கிறாள் என்றால், இங்கே தொடர்ந்து இரண்டு தாளம் உட்கார்ந்து கால் மாற்ற வேண்டும்: வலச்சுற்றில் இட முன்னங்கால் முன்னே போகும்போது எழுந்தவள், இடச்சுற்றில் வல முன்னங்காலோடு எழ வேண்டும். சின்னப் போனியின் தாளம் விரைவானது, 6 வயதுக்கு இது கடினம். வராவிட்டால் அந்த இடத்தில் மூன்று நான்கு அடி நடக்கவிட்டு மறுபடி டிராட் எடுங்கள். தடுமாறி மாற்றுவதைவிட அது நூறு மடங்கு அழகு, ஒரு மாறுதலைச் சுத்தமாகக் காட்டியதாகவும் ஆகும்.

இடச்சுற்றை முழு வட்டமாக்க வேண்டாம். அரை வட்டம் போனதும் போனி நடுவரை நோக்கித் திரும்பியிருக்கும். அப்படியே நேராக இறங்கி, மறுபடி இடப்பக்கம் திரும்பி, நடுவரின் இடக்கைப் பக்கமிருந்து வலக்கைப் பக்கமாக அவர் முன்னால் 20 மீட்டர் நேர்கோட்டில் டிராட். திரும்பவும் போனியின் வலப்பக்கம் அவருக்கு, இடையில் ஆள் இல்லை. வெல்ஷ் போனியின் முன்னங்கால் தோளிலிருந்தே நீண்டு விழுவதை இங்கேதான் அவர் ரசிக்க வேண்டும், ஆகவே வேகம் கூட்டாதீர்கள். வேகம் கூடினால் அடி நீளாது, குறுகும். தையல் இயந்திர ஊசிபோலத் தடதடக்கும். வரிசையை நோக்கி இறங்கும் அந்தச் சில மீட்டரில் போனி தானாகவே விரையும். கூட்டாளிகளையோ வாசலையோ பார்த்தால் எல்லாப் போனியும் அப்படித்தான். திருப்பத்துக்கு முன்பே கணவர் தன் ஓட்டத்தை மெதுவாக்க வேண்டும், கயிற்றால் அல்ல, காலால். அவர் வேகம் குறைவதை போனி கண்ணால் பார்த்தே தணியும், வீட்டில் அப்படிப் பழக்கியிருந்தால்.

கூட்டிப் பாருங்கள். டிராட் மொத்தம் சுமார் 90 மீட்டர். நொடிக்கு 2.5 மீட்டர் என்றால் 36 விநாடி. நடை, தொடக்கத்திலும் நேர்கோட்டின் முடிவிலுமாக இரண்டு நிறுத்தம், கடைசி நிறுத்தத்துக்கு முன் நடக்கும் நாலடி எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். ஸ்டூவர்ட் வர வேண்டியிருக்காது.

இதற்கு ஏறக்குறைய 25 மீட்டர் அகலம் வேண்டும். ரிங் குறுகலாக இருந்தால் இடப்பக்க வளைவைச் சுருக்குங்கள், வலச்சுற்றில் கை வைக்காதீர்கள். புல்தரை சரிவாக இருந்தால் வட்டத்தைச் சமமான இடத்துக்கு நகர்த்துங்கள். இறக்கத்தில் டிராட் ஓடினால் போனி முன்பாரத்தில் விழுந்து ஓடும். சேற்றுப் பகுதி இருந்தால் அங்கே நடையை வையுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே கணவரும் மகளும் ரிங்கின் ஓரமாக நின்று, எங்கே நிறுத்தம், எங்கே வட்டம் என்று கையை நீட்டிப் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். நடுவரே ஒரு பாதையைச் சொல்லி எல்லோரையும் அதையே செய்யச் சொன்னால் உங்கள் திட்டத்தை மறந்துவிட்டு முதல் போனியைக் கவனியுங்கள்.

பயிற்சியில் பெரும்பாலோர் செய்யும் தவறு, முழுப் பாதையையும் தினமும் போனியோடு ஓட்டிப் பார்ப்பது. போனிக்கு மனப்பாடம் நம்மைவிட வேகமாக வரும். ஒரு வாரத்தில், அந்தப் பன்னிரண்டாவது மீட்டரில் யாரும் சொல்லாமலே டிராட் எடுக்கும். நடுவர் முன்னால் நான்கு எண்ணும் முன்பே நகரும். ஷோவுக்கு முந்தைய வாரம் முழுதாக இரண்டு முறை போதும். மற்ற நாட்களில் துண்டு துண்டாக, வரிசை மாற்றி, வேறு வேறு இடத்தில் பழக்குங்கள். பாதையை மனப்பாடம் செய்ய வேண்டியவர்கள் மகளும் அப்பாவும்தான், அதற்குப் போனி தேவையில்லை. தோட்டத்தில் நான்கு பூந்தொட்டியை அடையாளம் வைத்துவிட்டு, மகள் முன்னால் ஓட, அப்பா இடப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி ஓடட்டும். வலச்சுற்றில் தான் எவ்வளவு கால் நீட்ட வேண்டும் என்று அவருக்கு அன்றைக்கே புரிந்துவிடும். வழுக்காத தட்டையான ஷூ அவசியம். கயிற்றின் மிச்சத்தை மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, போனி மிரண்டால் கை போய்விடும்.

வரிசையைவிட்டு ஒற்றையாக வெளியே வருவதையும் தனியே பழக்குங்கள். தெரிந்தவர்களின் இரண்டு மூன்று போனிகளோடு வரிசையாக நிறுத்தி, ஒரு நாள் நடுவிலிருந்து, ஒரு நாள் ஓரத்திலிருந்து கிளம்புங்கள். வீட்டில் தனியாகத் தேவதையாக நடக்கும் போனி, கூட்டாளிகளைவிட்டு நகர மாட்டேன் என்று கால் ஊன்றுவதை ஷோவில்தான் பலர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

ரிங்கில் தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்றும் முன்பே பேசிவையுங்கள். போனி கேன்டருக்குத் தாவினால் நடைக்குக் கொண்டுவந்து, மூன்றடி விட்டு, மறுபடி டிராட். விட்ட வட்டத்தைத் திரும்பச் செய்ய வேண்டாம். பாதை மறந்தால் அப்பா போகிற வழி போகட்டும், நடுவர் கையில் உங்கள் வரைபடம் இல்லை. அங்கவடியிலிருந்து கால் நழுவினால் மட்டும் உடனே நிறுத்தி, மாட்டிவிட்டுத் தொடருங்கள். அதற்காக எந்த நல்ல நடுவரும் முகம் சுளிக்க மாட்டார்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டிஷ் ஷோ போனி சொசைட்டியின் லீட் ரெயின் வகுப்புகளில் போனி 122 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது, 4 வயதாவது ஆகியிருக்க வேண்டும். குழந்தைக்கு 3 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு முன் 9 நிறைந்திருக்கக் கூடாது. வாயில் ஸ்னாஃபிள் என்ற எளிய கடிவாளம், கயிறு மூக்குப்பட்டையில் மட்டும், கடிவாள வளையத்தில் அல்ல. உங்கள் போனியின் 11.2 கை என்பது தசமம் இல்லை, 11 கை 2 அங்குலம். சுமார் 117 சென்டிமீட்டர், ஆகவே கவலை இல்லை. வட்டார ஷோக்கள் சொந்த விதி வைத்திருக்கலாம், தொப்பித் தரங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. நுழைவுப் படிவம் நிரப்பும்போதே அந்த ஆண்டு விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

கடைசி நிறுத்தத்தில் மகள் நடுவரைப் பார்த்துத் தலையசைத்ததும் லகானைத் தளர்த்தி, நடந்தே வரிசைக்குத் திரும்பட்டும். மற்ற போனிகளின் பின்கால்களை ஒட்டிப் போகாமல் நான்கு மீட்டராவது விலகிச் சுற்றி வரச் சொல்லுங்கள். தட்டிக்கொடுப்பது, வாயில் ஏதாவது கொடுப்பது எல்லாம் வகுப்பு முடிந்து வெளியே வந்தபிறகு. வரிசையில் வைத்துக் கொடுத்துப் பழக்கினால், அடுத்த ஷோவில் அது அப்பாவின் கோட்டுப் பையைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.