மேலே போடும் ஷீட்டை விடுங்கள், முதலில் குழி தோண்டுங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம், 12-க்கு 8 அடியில் வலை அடித்து ஒன்பது நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் வளர்த்து வந்தேன். மேலே தார்ப்பாய்தான். 2024 ஃபெஞ்சல் புயலில் அது கிழிந்து, உள்ளே ஒரு வாரம் சேறு. அடுத்த சில நாட்களில் மூன்று கோழிகள் ரத்தமாகக் கழிந்து செத்துவிட்டன. அதன் பிறகும் புதுத் தார்ப்பாய் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் நிரந்தரமாகக் கூரை போட்டுவிட வேண்டும். வீட்டுக்காரர் தகர ஷீட் என்கிறார். கொத்தனார் சிமெண்ட் ஷீட் என்கிறார். மாமியார், கீற்றுதான் கோழிக்குக் குளிர்ச்சி என்கிறார். எதைப் போடுவது?
- வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவருமே மேலே என்ன போடுவது என்றுதான் பேசுகிறார்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் உங்களுக்கு, போட்டதைக் கீழே எது பிடித்துக்கொண்டிருக்கப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல். புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பத்தில் என் கோழி ஷெட் சவுக்குக் கழியில் நின்றது. ஒன்றரை அடி குழி, மண்ணைப் போட்டு இடித்துவிட்டோம், அவ்வளவுதான். ஷீட்டை மட்டும் பார்த்துப் பார்த்து ஜே போல்ட் (கொக்கி போல்ட்) போட்டு இறுக்கியிருந்தேன். விடிந்து கதவைத் திறந்தால் ஷெட்டைக் காணோம். இரண்டு வீடு தள்ளித் தென்னந்தோப்பில், காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ஒரு போல்ட்கூடக் கழலவில்லை. கழிகளின் நுனியில் ஈர மண் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. (கோழிகள் சமையலறையில் பஞ்சாரத்துக்குள் பத்திரமாக இருந்தன. வீட்டம்மாதான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.)

காற்று கூரையை அமுக்கிவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். திறந்த ஷெட்டில் அது அடியில் புகுந்து தூக்கும், மேலே வழுக்கிப்போகும்போது உறிஞ்சவும் செய்யும். உங்கள் 12-க்கு 8 இடத்துக்கு நாலு பக்கமும் இரண்டடி இறவாணம் (வெளியே நீளும் கூரை ஓரம்) விட்டால் கூரை 16-க்கு 12 ஆகிவிடும். மணிக்கு 120 கி.மீ. காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65, 70 கிலோ தூக்குவிசை என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். மொத்தக் கூரைக்கும் ஒரு டன்னைத் தாண்டும். அரை மி.மீ. தகர ஷீட்டோ, எல்லாம் சேர்த்தாலும் 100 கிலோ தேறாது. தானே புயல் அடித்ததோ மணிக்கு 140 கி.மீ. வரை.

அதனால் காசை முதலில் மண்ணுக்குள் போடுங்கள். ஆறு கால், இரண்டங்குல ஜி.ஐ. பைப். ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் அடி சதுரம், இரண்டரை அடி ஆழக் குழி. இதில் கான்கிரீட் போட்டால் ஒரு குழிக்கு 250 கிலோவுக்கு மேல், ஆறும் சேர்ந்து ஒன்றரை டன். பைப்பை நிறுத்தும் முன் அதன் அடியில் குறுக்காக ஒரு சாண் நீளக் கம்பியை வெல்டிங் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கான்கிரீட் கீழேயே இருக்க, பைப் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். உங்கள் பக்கம் மணல், தோண்டத் தோண்டச் சரியும். பலகையோ பழைய டிரம்மோ வைத்துத் தடுத்துக்கொண்டு ஊற்றுங்கள். கான்கிரீட் தரைக்கு மேல் மூன்று அங்குலம் எழும்பி, சுற்றிலும் சரிவாக இருக்கட்டும். உப்புக் காற்றில் பைப் முதலில் அரிப்பது தண்ணீர் தேங்கும் அந்தக் கழுத்தில்தான்.

சரி, இப்போது ஷீட். கொத்தனாரின் சிமெண்ட் ஷீட் வேண்டாம். அதில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். வெட்டும்போதும் உடையும்போதும் கிளம்பும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அதை விடுங்கள், பக்கத்துத் தென்னையிலிருந்து ஒரு மட்டை விழுந்தால் போதும், ஓட்டையாகிவிடும். வீட்டுக்காரர் பக்கம்தான் என் ஓட்டு: வெள்ளை கலர் கோட்டிங் கொடுத்த தகர ஷீட். 12 அடி நீளத்தில் ஒரே துண்டாக வாங்குங்கள், நடுவில் ஒட்டு வேண்டாம். அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம். தெற்கே எட்டரை அடி உயரம் என்றால் வடக்கே ஆறரையில் முடியும்.

தாழ்ந்த பக்கம் வடக்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை நமக்கு வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். உயர்ந்த பக்கத்தை அதற்குக் காட்டினால் சாரல் முழுக்க உள்ளேதான். தெற்கு உயர்ந்திருந்தால் மார்கழி வெயில் சாய்ந்து உள்ளே விழுந்து தரையைக் காயவைக்கும். ஷீட்டையும் மேற்கு ஓரத்தில் ஆரம்பித்துக் கிழக்கே அடுக்கிக்கொண்டு வாருங்கள். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பின் வாய் மழைக்கு முதுகைக் காட்டும்.

புயல் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. நம் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அது உங்களுக்கு வடக்கே, புதுச்சேரிப் பக்கம் கரையேறினால் கடலூரில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மழைக்கு வடகிழக்கைப் பார்த்துக் கட்டிய ஷெட்டின் முதுகில் வந்து அறையும். எனவே சாய்வுத் தாங்கு கம்பிகள் நாலு மூலைக்கும் இரு திசையிலும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாமியிடம் விடாதீர்கள்.

ஸ்க்ரூ அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நெளிந்த ஷீட்டில் ஸ்க்ரூ மேட்டில்தான் ஏற வேண்டும். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில், அங்கே துளை போட்டால் ஒழுகாமல் என்ன செய்யும்? ஆட்களுக்குப் பள்ளத்தில் அடிப்பது சுலபம், கண்ணை எடுத்தால் அடித்துவிடுவார்கள். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கி இரும்பு வாஷரின் விளிம்போடு நிற்பதுதான் சரியான இறுக்கம். மேடு குழிந்துவிட்டால் மிஷினை அதிகம் அழுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். ஓரங்களிலும் மூலைகளிலும் நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். காற்று முதலில் பிரிக்கப் பார்ப்பது அங்கேதான்.

மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்களே, பக்கவாட்டுக்கும் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். சுற்றிலும் ஓரடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர், அதன் மேல் வெல்டு மெஷ். தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரும் நிற்கும், கீரியும் தோண்டி வராது. வடக்கிலும் கிழக்கிலும் உரச்சாக்கைத் தைத்துப் படுதா. அதைக் கீழிருந்து மேலே ஏற்றி மூடுகிற மாதிரி வையுங்கள், மேலே ஓரடி எப்போதும் திறந்திருக்கட்டும். முழுக்க மூடினால் எச்சத்தின் காரநெடி உள்ளேயே நின்று கோழிக்குக் கண் எரியும், சளி பிடிக்கும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், உங்கள் கூண்டிலிருந்து கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, படுதாவை அவிழ்த்துவிடுங்கள். மூட வேண்டும் என்றுதான் கை போகும். ஆனால் ஒரு பக்கம் மூடிய ஷெட்டுக்குள் புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைத்தான் தூக்கும்.

ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. உங்கள் கூரை அளவுக்கு அது கிட்டத்தட்ட 8,500 லிட்டர். அவ்வளவும் வடக்கு இறவாணத்தில்தான் இறங்கும், எனவே அங்கே ஒரு வாய்க்கால் எடுத்து மனைக்கு வெளியே விடுங்கள். உள்தரை வெளியைவிட முக்கால் அடி உயரட்டும்.

செத்த மூன்று கோழிகளைப் பற்றி: ரத்தக்கழிச்சலுக்கு ஈரத் தரைதான் தாய்வீடு. பழைய மேல்மண்ணை நாலு அங்குலம் வழித்து அப்புறப்படுத்திவிட்டு, புது மண் மேல் உமியோ கடலைத் தோலோ மூன்று அங்குலம் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்கக் கூடாது. மறுபடி ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகம், கைவைத்தியம் வேண்டாம்.

மாமியாரைக் கடைசியில் வைத்ததற்கு மன்னிக்கச் சொல்லுங்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். கத்திரி வெயிலில் தகரத்தின் கீழே அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. கீற்றையே கூரையாகப் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் மட்கும், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ஆனால் பங்குனி முடிவில் ஷீட்டின் மேல் ஒரு வரிசை கீற்றைப் பரப்பி, மேலே பழைய மீன் வலையை இழுத்துக் கட்டினால் உள்ளே நன்றாகக் குளிர்ந்திருக்கும். ஆவணியில் மறக்காமல் இறக்கிவிடுங்கள், நனைந்த கீற்றின் அடியில் ஷீட் துருப்பிடிக்கும். குழி வேலையை இப்போதே ஆரம்பித்து, புரட்டாசிக்குள் ஷீட்டை ஏற்றி முடித்துவிடுங்கள். மாமியார் நிதானமாகக் கீற்று முடையட்டும், சித்திரைக்குத்தானே.