டேப்பை யார் கேட்பது?

அன்புள்ள சார்,

போன மாதக் கட்டுரையில் மாரிலியன் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். நாற்பது வருஷம் தாண்டியும் சொந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்து புது ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் இருபத்திரண்டு வருஷமாக ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சிக் கூட்டம் எல்லாம் உண்டு. எங்களுக்கென்று ஐந்தாறு சொந்தப் பாட்டுகளும் இருக்கின்றன. மேடையில் அவற்றை எடுத்தால் ஜனங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். இப்போது ஏழு பேரும் பணம் போட்டு ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ரெக்கார்டிங் அறை கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. அறை வந்துவிட்டால் பாட்டு தானாக வரும் என்கிறார்கள். எனக்குச் சந்தேகம். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பதிவு செய்யும்போது வயிற்றில் ஒரு பயம் இருக்கும். அது போய்விட்டால் சோம்பல்தானே வரும்? இது தேறாது என்று சொல்ல வெளியாள் இல்லையென்றால் என்ன ஆகும்? எப்படியும் வயதான குழுவிடம் ஜனங்கள் கேட்பது பழைய பாட்டைத்தானே?

அன்புடன்,
எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் சந்தேகம் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம். அதற்கு இங்கிலாந்தை விட்டு ஜெர்மனிக்குப் போகவேண்டும்.

ட்யூஸல்டார்ஃப் நகரில் கிராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக் குழுவுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ இருந்தது. கிளிங் கிளாங் என்று பெயர். 1974-லிருந்து 1981-க்குள் அவர்கள் ஐந்து ஆல்பங்கள் கொடுத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கக் கம்ப்யூட்டரில் தாளம் போடுகிறவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வகையில் அந்த ஐந்துக்குக் கடன்பட்டவர்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அடுத்த ஆல்பம் 1986-ல். அதற்கடுத்து 1991-ல் ஒன்று வந்தது, ஆனால் அதில் இருந்தது பழைய பாட்டுகளின் மறுபதிவு. முழுப் புது ஆல்பத்துக்கு 2003 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பணமும் இருந்தது, இடமும் இருந்தது, கருவிகளும் இருந்தன. அவசரம் மட்டும் இல்லை. வேலை நகரவில்லை என்ற அலுப்பில் குழுவில் ஒருவரான கார்ல் பார்டோஸ் 1990-ல் விலகிப்போனார். அந்த ஸ்டூடியோவில் டெலிபோன் மணியே அடிக்காது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆக, அறை கட்டினால் பாட்டு தானாக வரும் என்ற உங்கள் நண்பர்களுக்கு கிளிங் கிளாங் ஒரு பதில். இனி உங்கள் முறை.

மாரிலியன் 1979-ல் ஐல்ஸ்பரி என்ற சிறு ஊரில் தொடங்கிய குழு. 1985-ல் அவர்களுடைய ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அதிலிருந்த 'கேலீ' என்ற பாட்டு இரண்டாமிடம் வந்தது. 1988-ல் பாடகர் ஃபிஷ் விலகினார். அடுத்த வருஷம் ஸ்டீவ் ஹோகார்த் வந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அதே ஐந்து பேர்: ஹோகார்த், கிட்டாரில் ஸ்டீவ் ராத்தரி, பேஸில் பீட் ட்ரெவாவாஸ், கீபோர்டில் மார்க் கெல்லி, டிரம்ஸில் இயன் மோஸ்லி. ஹோகார்த்தைப் 'புதுப் பாடகர்' என்று சொல்கிற ரசிகர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நம் பக்கம் மருமகள் பேரன் எடுத்த பிறகும் 'வந்தவள்' என்பார்களே, அந்த மாதிரி.

வாடகை ஸ்டூடியோவின் பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். சட்டென்று ஒரு ஆல்பம் வேண்டும் என்று அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனியான இஎம்ஐ கேட்ட நேரத்தில் இவர்கள் பிரான்சில் ஒரு பழைய கோட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஹோகார்த் அதற்கு முன்பு எப்போதோ ரேடியோவில் கேட்டு ஒரு செய்தியைக் குறித்துவைத்திருந்தார். செவர்ன் நதிப் பாலத்தின்மீது ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருக்கிறாள். போலீஸ் விசாரித்தால் பெயர்கூடச் சொல்ல மறுக்கிறாள். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று ரேடியோவில் கேட்கிறார்கள். அவ்வளவுதான் செய்தி. அவள் எப்படி அந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்தாள் என்று யோசித்து யோசித்து அவர்கள் ஒரு முழு ஆல்பத்தையே கட்டினார்கள். மாதக்கணக்கில் ஆனது. 1994-ல் 'பிரேவ்' என்று வெளியானது. என் கணக்கில் அவர்கள் செய்ததிலேயே பெரியது அதுதான். கம்பெனியின் கணக்கு வேறு. அடுத்த வருஷமே இன்னொரு ஆல்பம் வேகமாக முடிந்தது, அத்தோடு இஎம்ஐ அவர்களை விட்டுவிட்டது.

அந்தக் காலகட்டத்திலிருந்துதான் சொந்த இடம். பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிறது, பெயர் ராக்கெட் கிளப். வானத்தில் போகிற ராக்கெட் இல்லை, இரைச்சல் என்று பொருள்படும் சொல். இரைச்சல் மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக் இசைக்காரர்களின் ஸ்டூடியோ என்றதும் நமக்கு மாளிகையும் நீச்சல்குளமும் ஞாபகம் வரும். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மூர் தேம்ஸ் நதியில் ஒரு படகுவீட்டையே வாங்கி ஸ்டூடியோவாக்கினார், குழுவின் ஆல்பங்கள் அதில் பதிவாகின. இவர்களுடையது அந்த வகை இல்லை. தொழிற்பேட்டைக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் லேத் பட்டறை என்று நினைத்துக்கொண்டு போய்விடலாம். எழுதுவது, பழகுவது, பதிவது எல்லாம் அங்கே.

இப்போது நீங்கள் கவலைப்படுகிற சோம்பல். அது இவர்களுக்கு ஏன் வரவில்லை?

1997-ல் அமெரிக்கா போய் வாசிக்க இவர்களிடம் பணம் இல்லை. செய்தி தெரிந்ததும் அங்கிருந்த ரசிகர்கள், குழு கேட்காமலே, இணையத்தில் பேசிக்கொண்டு சுமார் 60,000 டாலர் திரட்டிவிட்டார்கள். இது நடந்தபோது இணையத்தில் காசு கட்டுவது என்பதே பலருக்குப் பயம். இவர்களுக்குப் பொறி தட்டியது. 2001-ல் 'அனோராக்னோஃபோபியா' ஆல்பத்துக்கு ஒரு ஸ்வரம்கூடப் பதிவாகுமுன் ரசிகர்களிடம் கேட்டார்கள்: இப்போதே காசு கொடுத்து வைப்பீர்களா? 12,000 பேருக்கு மேல் கொடுத்தார்கள். கூட்டுநிதி (க்ரவுட்ஃபண்டிங்) என்ற சொல் பரவுவதற்குப் பல வருஷம் முன்பு இது. அடுத்து 2004-ல் 'மார்பிள்ஸ்'. முன்பணம் கட்டியவர்களின் பெயர்கள் உள்ளே புத்தகத்தில் அச்சாகின. அவர்களுக்கு இரண்டு டிஸ்க் கிடைத்தது. கடையில் வாங்கியவனுக்கு ஒன்றுதான், அதில் 'ஓஷன் க்ளவுட்' இல்லை. அட்லாண்டிக்கைத் தனியாளாகத் துடுப்புப் போட்டுக் கடந்த மனிதரைப் பற்றி ஏறக்குறைய 18 நிமிஷம் ஓடும் பாட்டு அது. ஆல்பத்தின் உயிரே அதில்தான் என்பேன். நம்பிக் காசு கொடுத்தவனுக்கு முதல் பந்தி, மற்றவனுக்கு மீதி. கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் எனக்குப் பிடித்த அநியாயம்.

பன்னிரண்டாயிரம் பேர் காசு கட்டிவிட்டு வாசலில் நின்றால் உள்ளே இருக்கிறவனுக்குத் தூக்கம் வராது. மணிக்கணக்கு வாடகையின் பயம் வேறு வேஷத்தில் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். கிளிங் கிளாங் வாசலில் அப்படி யாரும் முன்பணத்தோடு நிற்கவில்லை.

ஆனால் வாசலில் நிற்கிறவர்கள் முடிக்கச் சொல்வார்களே தவிர, நல்லது எது என்று சொல்ல அவர்களால் முடியாது. நீங்கள் கேட்ட வெளியாள் விஷயம் இங்கேதான் வருகிறது. உங்கள் கடிதத்தின் உயிர்நாடி அது.

இவர்கள் பாட்டு எழுதுவதே வேடிக்கையான முறை. யாரும் வீட்டிலிருந்து முடித்த மெட்டைக் கொண்டுவருவதில்லை. ஐந்து பேரும் உட்கார்ந்து தோன்றியதை வாசிப்பார்கள். ஹோகார்த் கைவசமிருக்கும் வரிகளில் எதையாவது எடுத்து அதன்மேல் பாடிப் பார்ப்பார். எல்லாம் பதிவாகிக்கொண்டே இருக்கும். நாள்கணக்கில், மாதக்கணக்கில். மெல்லிசைக் குழுவில் இருக்கும் உங்களுக்கு இது புரியும். கச்சேரிக்கு முன்பு சவுண்டு செக்கில் சும்மா வாசிப்பீர்களே, சமயத்தில் மேடையில் வாசித்ததைவிட அது நன்றாக இருக்குமே, அதுதான். வாசித்தவனுக்கு அது மறுநாள் ஞாபகம் இருக்காது.

அந்த மலை போன்ற குப்பையை உட்கார்ந்து கேட்கிறவர் மைக் ஹன்ட்டர். 2007 ஆல்பத்திலிருந்து தயாரிப்பாளர் அவர்தான். இதில் நாற்பது விநாடி தேறும், அதில் இரண்டு நிமிஷம் தேறும் என்று பொறுக்கி எடுத்து வைப்பார். ஐந்து பேரும் பிறகு அதைக் கேட்பார்கள். தாங்கள் வாசித்ததை ஏறக்குறைய முதல்தடவை கேட்பதுபோல. பிறகு ஒட்டுவது, வெட்டுவது, சண்டை.

அவர் இல்லாதபோது என்ன ஆனது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1998-ல் 'ரேடியேஷன்' என்று ஒரு ஆல்பம் வந்தது. பாட்டுகளில் பெரிய குறை இல்லை, ஒலிக்கலவைதான் பாடாவதி. விசுவாசமான ரசிகர்களே முணுமுணுத்தார்கள். நானும் என் நண்பன் டெக்கில் கோளாறு என்று நினைத்து ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். 2013-ல் அதே நாடாக்களை எடுத்து ஹன்ட்டர் மறுபடி கலந்து கொடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாசித்தவர்கள் அதே ஆட்கள், வாசித்ததும் அதே வாசிப்பு. காது மட்டும் வேறு.

இதை நான் உங்களுக்குப் போதிப்பது கொஞ்சம் திமிர்தான், ஏனென்றால் எனக்கும் அந்த நோய் உண்டு. இந்தத் தளத்தில் முன்பு ஒரு தொடர் எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் இல்லை, பக்க அளவு இல்லை, கெடு இல்லை. அறுபத்தி மூன்று அத்தியாயம் போனது. புத்தகமாக்கும்போது ஒரு நண்பர் படித்துவிட்டு பதினெட்டு அத்தியாயங்களைப் பென்சிலால் ஒரே கோடு போட்டு அடித்தார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு பார்த்தால் அந்தப் பதினெட்டிலும் என்ன எழுதினேன் என்று எனக்கே ஞாபகம் வரவில்லை.

பழைய பாட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு நீளமாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. 'கேலீ' வேண்டும் என்று கத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இவர்கள் நெதர்லாந்தின் போர்ட் ஸேலண்டேயில் வார இறுதி விழா நடத்துகிறார்கள். மூன்று இரவும் மூன்று விதக் கச்சேரி. அதற்கு வருகிற கூட்டம் 17 நிமிஷப் பாட்டைக் கேட்கத்தான் டிக்கெட் எடுக்கிறது. 2012 ஆல்பத்தின் முதல் பாட்டே அந்த நீளம், காஸாவில் வளரும் ஒரு குழந்தையின் பார்வையில் போகும். எந்தக் கம்பெனி அதை முதல் பாட்டாக வைக்கச் சொல்லும்? 2016 ஆல்பம் பிரிட்டனில் நான்காமிடம். 2022 மார்ச்சில் வந்தது இரண்டாமிடம். 1987-க்குப் பிறகு அவ்வளவு மேலே அவர்கள் போனதில்லை.

அந்த 2022 ஆல்பத்தின் தலைப்பைத் தமிழில் 'இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு' என்று சொல்லலாம். கொரோனா காலத்தில் முடித்தது. கடைசிப் பாட்டு கால்மணி நேரம் ஓடும். அதன் இறுதிப் பகுதியில் தேவதைகள் கோயில் சுவரில் இல்லை, கல்லிலும் வெண்கலத்திலும் இல்லை என்று ஆரம்பித்து ஆஸ்பத்திரி நர்ஸுகளிடம் வந்து நிற்கும். நான் அதை முதலில் கேட்டது பஸ்ஸில், இயர்போனில். ராத்தரியின் கிட்டார் மேலே ஏறும்போது என் ஸ்டாப் போய்விட்டது. இறங்கித் திரும்பி நடந்தேன். முப்பது வயதில் அந்தப் பாட்டை அவர்கள் எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2016-க்கும் 2022-க்கும் நடுவே ஐந்தரை வருஷம் ஆனதே என்று நீங்கள் கேட்கலாம். ஆனது. வாடகை ஸ்டூடியோவில் அந்தப் பாட்டு வந்திருக்காது என்பதற்குத்தான் அதைச் சொல்கிறேன்.

இனி உங்கள் மொட்டைமாடி. அறை கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன்பு ஒரு கேள்விக்கு மட்டும் விடை தேடுங்கள். உங்கள் ஏழு பேரில் யாரும் ஹன்ட்டர் ஆக முடியாது, ஏழு பேருக்கும் தன் வாசிப்புமேல் பாசம் இருக்கும். எட்டாவது ஆள் வேண்டும். சொந்தப் பாட்டு எடுத்ததும் ஜனங்கள் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்றீர்கள். மிக்ஸரில் நிற்கிற சவுண்டு சர்வீஸ் தம்பி எங்கேயும் போவதில்லையே? வேறு வழியில்லாமல் அந்த ஐந்தாறு பாட்டையும் நூறு தடவை கேட்டிருப்பார். எந்த இடத்தில் அவர் தலையாட்டுகிறார், எந்த இடத்தில் செல்போனை எடுக்கிறார் என்று நீங்கள் என்றைக்காவது கவனித்ததுண்டா? அவரை ஒருநாள் டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். முதலில் "எல்லாமே நல்லாருக்குண்ணே" என்பார். இரண்டாவது டீ வரைக்கும் பொறுங்கள்.

கட்டுவது முடிவானால், செலவைக் குறைக்கிறேன் என்று மேலே தகர ஷீட் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழையில் டிரம்ஸே தேவைப்படாது.