டயட் இருந்தால் கொழுப்பு செல்கள் அழிந்துவிடுமா?

அழியாது, சுருங்கும். இது தெரியாமல் ரொம்ப நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 78 கிலோ இருந்தேன். மதியச் சோற்றைப் பாதியாக்கி, சாயங்கால மிக்சரை நிறுத்தி, பத்து மாதத்தில் 66க்கு வந்தேன். தொளதொளத்த ஜாக்கெட்டுகளை எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் கொடுத்தேன். பக்கவாட்டில் பிடித்துத் தைத்தவர், உள்ளே மிஞ்சிய துணியை வெட்டவில்லை. "இருக்கட்டும்மா, வேணும்னா பிரிச்சுக்கலாம்" என்றார். சுருக்கென்றது. ஒன்றரை வருஷத்தில் எட்டு கிலோ திரும்ப ஏறியது. தையலைப் பிரித்தோம்.

கொழுப்பு செல் என்பது கிட்டத்தட்ட முழுக்க ஒரே எண்ணெய்ச் சொட்டுதான். உட்கரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். செலவுக்கு மேல் சாப்பிட்டால், இன்சுலின் சொல்படி சொட்டு பெரிதாகும். சாப்பாடு குறைந்தால் அந்தக் கொழுப்பு உடைந்து ரத்தத்துக்கு வந்து எரியும். பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகும், மீதி தண்ணீர். செல் மட்டும் வற்றிப்போய் அங்கேயே இருக்கும்.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு 2008இல் இதைக் காட்டியது. அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்துச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். வருஷத்துக்குப் பத்து சதவீதம் போல செத்து, அதே அளவு புதிதாக முளைக்கிறது. இரைப்பை அறுவை சிகிச்சை செய்து நன்றாக இளைத்தவர்களுக்குக்கூட, இரண்டு வருஷம் கழித்தும் எண்ணிக்கை குறையவில்லை.

வற்றிய செல் சும்மாவும் இருக்காது. கொழுப்புக் கையிருப்பை மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் சுரப்பு குறையும். மூளை அதைப் பட்டினி என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும். இளைத்த பிறகு எனக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்த அந்தப் பசி இதுதான். "உனக்கு மனசுல உறுதி பத்தல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணிக்கை பெரும்பாலும் சிறுவயதிலும் பதின்பருவத்திலும்தான் ஏறுகிறது. அதனால் இப்போது என் கவனமெல்லாம் பதினொரு வயது மகள் மேல். அவளைப் பட்டினி போடுவதில்லை, எடை பற்றிப் பேசுவதும் இல்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் பாக்கெட் சிப்ஸுக்குப் பதில் தேங்காய் தூவிய கொண்டைக்கடலைச் சுண்டல். தின்றுவிட்டு, இருட்டும்வரை தெருவில் சைக்கிள் ஓட்டுகிறாள்.