கல்லறைப் பற்றுச்சீட்டிலிருந்து பூட்டனாரின் ஊர் வரை

கேள்வி: 1950களின் இறுதியில் காலமான என் பாட்டனார் பொரளை கனத்தையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக்குரிய பழைய பற்றுச்சீட்டு மட்டுமே எம்மிடம் உள்ளது. அதைக்கொண்டு பூட்டனாரின் பெயரையும் ஊரையும் அறியலாமா? மயான வாசலில் சந்தித்த ஒருவர், பற்றுச்சீட்டையும் பணத்தையும் கொடுத்தால் முழு விபரத்தையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: முதலில், அந்தப் பற்றுச்சீட்டை எவரிடமும் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்து, பிரதியை மட்டும் காட்டுங்கள். புதிய நிலம் கிடைப்பது அரிதாகிவிட்ட கனத்தையில் குடும்பக் கல்லறைக்கு உரிமை காட்டும் தாள் எத்தனை பெறுமதியானது என்பதை உங்களைவிட அந்தத் தரகர் நன்கு அறிவார். அவர் செய்யப்போவதும் மாநகர சபையின் மயான அலுவலகத்தில் இடாப்பைப் பார்க்கும்படி கேட்பதுதான். அதை நீங்களே கேட்கலாம்.

பற்றுச்சீட்டில் இருப்பது நிலத்தை வாங்கியவரின் பெயரே ஒழிய, அடக்கமானவரின் பெயராக இருக்கவேண்டியதில்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு, சீட்டிலுள்ள கல்லறைப் பிரிவையும் இலக்கத்தையும் சொல்லி அடக்கத் திகதியைக் கேளுங்கள். பெயரைக்கொண்டு தேடத்தான் வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய ஏடுகளில் ஞானமுத்து என்பவர் 'ஜீ'யிலும் இருப்பார், 'என்'னிலும் இருப்பார். தகப்பன் பெயரின் முதலெழுத்தில் ஒளிந்திருந்தாலும் வியப்பில்லை.

கல்லறை தரக்கூடியது இந்தத் திகதி ஒன்றுதான். பூட்டனாரின் பெயர் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கும். அதில் இறந்தவரின் பெற்றோர் பெயருக்கென்று ஒரு கூடு உண்டு. விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுக்கவேண்டும். ஆனால் எந்தப் பிரதேச செயலகம் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மரணம் பதியப்படுவது இறந்த இடத்திலேயே; வாழ்ந்த இடத்திலோ அடக்கமான இடத்திலோ அன்று. வெள்ளவத்தையில் வாழ்ந்து கனத்தையில் அடக்கமான ஒருவர் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கண்மூடியிருந்தால், அவருடைய பதிவை மஹரகமவுக்குரிய ஏடுகளிலேயே தேடவேண்டும். இதை அறியாமல் கொழும்பில் விண்ணப்பித்தால் 'அப்படியொரு பதிவு இல்லை' என்ற பதிலே வரும். வேறிடத்தில் தேடிப்பாருங்கள் என்ற ஒற்றை வரியைச் சேர்த்துச் சொல்ல நம்முடைய கந்தோர்களுக்கு ஏனோ மனம் வருவதில்லை. எனவே கடைசி நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்பதை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.

கல்லில் எழுத்து மங்கியிருந்தால், அதைப் புதுப்பித்துத் தருவதாக வருபவர்களையும் தூரத்தில் வையுங்கள். எங்கள் அம்மானின் கல்லில் 1931 என்றிருந்தது, கறுப்பு மை தீட்டியவரின் கைவண்ணத்தால் 1937 ஆகிவிட, அந்த ஆண்டின் ஏடுகளில் நான் வீணே அலைந்தேன். மாலை வெயில் சரிந்து விழும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

ஊரை மரணப் பத்திரத்தில் எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பாட்டனாரின் விவாகப் பதிவையும், அவர் கிறிஸ்தவராயின், அதைவிட முக்கியமாக, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தின் ஏட்டையும் பார்க்கவேண்டும். குருவானவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி நாள் கேட்டுச் செல்லுங்கள். கத்தோலிக்கராயின், பழைய பதிவுகளில் பெயர்கள் இலத்தீன் வடிவில் இருக்கக்கூடும்: யோவான் அங்கே யோவான்னெஸ் ஆகியிருப்பார்.