முகடுகளையும் பள்ளங்களையும் இணைக்கும் கோடு: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஊத்தான் மெலிந்தாங்கில், சிறுதோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைப் பழக்குலைகளை வாங்கும் நிலையம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கச்சா செம்பனை எண்ணெயின் விலையை ஒட்டியே குலையின் விலையும் ஏறி இறங்குவதால், பூர்சா மலேசியா சந்தையின் முன்பேர (எதிர்கால ஒப்பந்த) விலை நாள் முழுவதும் என் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆர்வத்தில் டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தின் பைன் ஸ்கிரிப்ட் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, ஸ்விங் முகடுகளையும் பள்ளங்களையும் தானே கண்டுபிடித்து அவற்றை டிரெண்ட் லைன்களால் இணைக்கும் இண்டிகேட்டர் ஒன்றை எழுதியிருக்கிறேன். முகட்டுக்கு இடப்பக்கம் 5 கேண்டில் (ஒரு கால அளவின் விலையைக் காட்டும் பட்டை), வலப்பக்கம் 5 கேண்டில் என்று ஒப்பிட வைத்திருக்கிறேன். நிரலை இத்துடன் இணைத்துள்ளேன்.

பழைய சார்ட்டில் பார்த்தால் விலை ஒவ்வொரு கோட்டையும் தொட்டுத் திரும்புகிறது. நான் கூட்டிப் பார்த்த கணக்கிலும் பெரும்பாலும் லாபமே வருகிறது. நேரடிச் சந்தையில் ஓடவிட்டால், விலை நகர்ந்து முடிந்த பிறகுதான் கோடு தோன்றுகிறது. ஒரே நிரல் ஏன் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது? 5 என்ற எண் சரிதானா? எந்த இரண்டு முகடுகளை இணைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் இணைத்ததில் திரை முழுவதும் கோடுகளாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் விலையை லாக் அளவுகோலில் (சம விகித மாற்றங்களைச் சம உயரமாகக் காட்டுவது) வைத்தபோது, கோட்டை விலை தொடாமலேயே முறிவுக் குறி விழுந்திருந்தது. பைத்தான் நிரல்மொழியில் எழுதினால் இந்தச் சிக்கல்கள் தீரும் என்கிறார் நண்பர். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஊத்தான் மெலிந்தாங் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நிரலை வரிவரியாகப் படித்தேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மாறிகளுக்குப் பொருத்தமான பெயர்களை வைத்து ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். ஒரு முகடு நிகழ்ந்த நேரமும், அது முகடுதான் என்று நமக்குத் தெரியவந்த நேரமும் வேறு வேறு. உங்கள் நிரல் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவிட்டது. நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேரிலிருந்தே கிளைத்தவை என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு கேண்டிலின் உச்சம், அதற்கு முந்தைய 5 கேண்டில்களின் உச்சங்களையும் பிந்தைய 5 கேண்டில்களின் உச்சங்களையும் விட உயர்ந்திருந்தால் அது முகடு என்பது நீங்கள் கொண்ட வரையறை. பிந்தைய ஐந்தும் முடியாமல் அந்த வரையறை நிறைவேறாது. தினசரி சார்ட்டில், இடையில் விடுமுறை இல்லையென்றால், இந்தத் திங்கட்கிழமை ஏற்பட்ட முகடு அடுத்த திங்கட்கிழமை சந்தை மூடும்போதுதான் உறுதியாகிறது. பைன் ஸ்கிரிப்ட்டின் பிவட்ஹை செயற்கூறும் இதை மதித்தே நடக்கிறது. முகட்டின் விலையை அது உறுதியாகும் கேண்டிலில்தான் நம் கையில் தருகிறது. கோடு சரியான இடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பதற்காக நீங்கள் 5 கேண்டில் பின்னே சென்று வரைகிறீர்கள். வரைவதற்கு அது சரியே. ஆனால் லாப நட்டத்தைக் கூட்டும் பகுதியிலும் நுழைவு விலையாக 5 கேண்டிலுக்கு முந்தைய மூடல் விலையை எடுத்திருக்கிறீர்கள். முகடு உருவான அன்றே விற்றதாக அந்தக் கணக்கு சொல்கிறது. அன்றைக்கு அது முகடு என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பழைய சார்ட்டில் கண்ட அழகு முழுவதும் இதிலிருந்து வந்ததுதான்.

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். கற்பனையாக, 100ஆம் கேண்டிலில் 4,310 ரிங்கிட்டில் ஒரு முகடும், 130ஆம் கேண்டிலில் 4,250 ரிங்கிட்டில் இன்னொரு முகடும் இருப்பதாகக் கொள்வோம். 30 கேண்டிலில் 60 ரிங்கிட் இறக்கம், அதாவது கேண்டிலுக்கு 2 ரிங்கிட் சரிவு. இரண்டாம் முகடு உறுதியாவது 135இல். அப்போது கோடு 4,240இல் நிற்கிறது. இந்தக் கோட்டின் ஆயுள் 135இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் அதைத் தொட்டதாகவோ முறித்ததாகவோ நிரல் எதையும் எண்ணக்கூடாது.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று உண்டு. 131 முதல் 135 வரையுள்ள உச்சங்கள் 4,250க்குக் கீழே இருக்கவேண்டும் என்பதே வரையறை. கோட்டுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று அது கேட்பதில்லை. 133ஆம் கேண்டிலில் கோட்டின் விலை 4,244. அந்தக் கேண்டில் 4,247இல் மூடினால் முகடு முகடாகவே நிற்கும். ஆனால் கோடு பிறக்கும் முன்பே முறிந்துவிட்டது. அத்தகைய கோட்டை வரையாமல் விட்டுவிடுங்கள். இரண்டு முகடுகளுக்கு இடையிலும் இதே நிலை வரலாம். 103ஆம் கேண்டிலில் கோடு 4,304இல் இருக்கும். அங்கே உச்சம் 4,308 என்றால் 100ஆம் கேண்டிலின் முகட்டுக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் கோடு விலையின் உடலுக்குள் புகுந்து போகிறது. ஆகவே கோட்டை வரையும் முன், முதல் முகட்டிலிருந்து உறுதியாகும் கேண்டில் வரை ஒவ்வொன்றாக நடந்து, உச்சம் கோட்டை மீறியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சுழற்சியைச் சேர்த்துவிடுங்கள். திரை நிறைந்து வழியும் கோடுகளில் பெரும்பகுதி இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

முழுக் கறாராக இருந்தால் ஒரு ரிங்கிட் மீறலுக்குக்கூட நல்ல கோடு ஒன்று போய்விடும் என்பதால் சிறிது சலுகை தேவை. அந்தச் சலுகையை நிலையான ரிங்கிட் தொகையாக வைக்காமல் ஏடிஆரின் (சராசரி உண்மை வீச்சு) சிறு பங்காக வையுங்கள். வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட இந்த அளவு, விலை வழக்கமாக எவ்வளவு அலைகிறது என்பதைச் சொல்வதால், சந்தை அமைதியாக இருக்கும்போது சலுகை தானே சுருங்கும், கொந்தளிக்கும்போது விரியும். ஏடிஆரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

இனி, 5 என்ற எண். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இடப்பக்க எண்ணைக் கூட்டினால் முகட்டின் முக்கியத்துவம் கூடும். அதற்காக நாம் காத்திருக்கவேண்டியதில்லை, ஏனெனில் அந்தக் கேண்டில்கள் ஏற்கெனவே கடந்துபோனவை. வலப்பக்க எண்ணைக் கூட்டினால் ஒவ்வொரு கேண்டிலுக்கும் ஒரு கேண்டில் தாமதத்தை விலையாகத் தருகிறோம். ஆகவே இடப்பக்கம் 10 அல்லது 12, வலப்பக்கம் 3 என்று வைப்பது 5க்கு 5ஐ விட எனக்கு ஏற்புடையது. பில் வில்லியம்ஸின் ஃபிராக்டல் என்ற முகடு வரையறை பக்கத்துக்கு இரண்டே கேண்டில்தான் பார்க்கிறது. விரைவாக உறுதியாகும், ஆனால் சிறு நெளிவுகளையும் முகடாக்கிவிடும். தாமதமே இல்லாத ஸ்விங் என்று யாராவது தந்தால் அதை வாங்காதீர்கள். முகடுகளையும் பள்ளங்களையும் மாறி மாறி இணைக்கும் ஜிக்ஜாக் இண்டிகேட்டரின் கடைசிக் கால் விலையோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பதும், கடந்தகாலத்தில் மட்டும் அது கச்சிதமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் கேண்டிலின் உச்சமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்றாவது கேண்டில் பாதியில் இருக்கும்போதே முகடு உறுதி என்று நிரல் கோடு வரைந்து, பிறகு அதே கேண்டில் முகட்டைத் தாண்டினால் கோடு மறைந்துவிடும். கேண்டில் மூடிய பின்னரே முடிவெடுக்கும்படி ஒரு நிபந்தனையை வைத்துவிடுங்கள்.

செம்பனை எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை குறைந்தது ஒரு ரிங்கிட்டாக நகர்வதால், சிறிய கால அளவுகளில் அடுத்தடுத்த இரண்டு கேண்டில்களின் உச்சம் ஒன்றாகவே அமைவது சாதாரணம். இருபுறமும் ‘விட உயர்ந்தது’ என்று கேட்டால் இரண்டுமே முகடாகாது. இருபுறமும் ‘உயர்ந்தது அல்லது சமம்’ என்று கேட்டால் இரண்டுமே முகடாகிவிடும். இடப்பக்கம் முன்னதையும் வலப்பக்கம் பின்னதையும் கேளுங்கள். சமமானவற்றில் முதலாவது மட்டும் முகடாகும்.

எந்த இரண்டை இணைப்பது என்ற கேள்விக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். இறங்கும் கோட்டுக்கு, புதிதாக உறுதியான முகட்டிலிருந்து பின்னோக்கிச் சென்று, அதைவிட உயர்ந்த முகடுகளோடு மட்டும் இணைத்துப் பார்த்து, மேலே சொன்ன மீறல் சோதனையில் தேறியவற்றுள் மிக நீளமானதை வைத்துக்கொள்கிறேன். எந்த இரண்டு புள்ளிகளுக்கிடையிலும் கோடு போட முடியும் என்பதால் இரண்டு தொடுகையில் அமைந்த கோட்டை நான் மெல்லிய புள்ளிக்கோடாகவே வரைகிறேன். மூன்றாவது முகடு சலுகைக்குள் வந்து தொட்ட பிறகே தடித்த கோடு. மூடல் விலை கோட்டைத் தாண்டிச் சலுகையையும் மீறினால் கோட்டை அங்கேயே நிறுத்திவிடவேண்டும். வலப்பக்கம் முடிவில்லாமல் நீளவிடக்கூடாது. பள்ளங்களுக்கு எல்லாவற்றையும் தலைகீழாகக் கொள்ளுங்கள். பைன் ஸ்கிரிப்ட் இயல்பாக ஏறத்தாழ 50 கோடுகளையே வைத்துக்கொள்ளும், கேட்டுக்கொண்டால் 500 வரை தரும், அதற்கு மேல் பழையவற்றை அழித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். தோற்றுப்போன கோடுகள் பல உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம். ஆகவே கோடுகளின் விவரத்தைத் தனியாக ஒரு பட்டியலில் சேமித்துவைத்து, கணக்கை அதிலிருந்து எடுங்கள்.

லாக் அளவுகோல் பற்றிய கேள்வி முக்கியமானது. கச்சா செம்பனை எண்ணெய் 2022 மார்ச்சில் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது, அதே ஆண்டு ஜூலையில் 4,000க்குக் கீழே இறங்கியது. இவ்வளவு பெரிய வீச்சில் அளவுகோலின் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். 7,000லிருந்து 4,000க்கு ஒரு கோடு போட்டால், ரிங்கிட் கணக்கில் அதன் நடுப்புள்ளி 5,500. லாக் திரையில் நேராகத் தெரியும் கோட்டின் நடுப்புள்ளியோ ஏறத்தாழ 5,292. திரை ஒரு கோட்டைக் காட்டுகிறது, உங்கள் நிரல் வேறொரு கோட்டை வைத்து முறிவைச் சோதிக்கிறது. இடைவெளி 208 ரிங்கிட். ஓர் ஒப்பந்தம் 25 டன் என்பதால் அது ஒப்பந்தத்துக்கு ஏறத்தாழ 5,200 ரிங்கிட் ஆகிறது. லாக் திரையில் வேலை செய்வதானால் இரண்டு முகடுகளின் விலையையும் லாக் மதிப்பாக மாற்றி, சரிவை அதில் கணக்கிட்டு, பிறகு விலையாகத் திருப்பிக்கொள்ளுங்கள். சரிவை எப்போதும் கேண்டில் எண்ணை வைத்தே கணக்கிடவேண்டும். கடிகார நேரத்தை வைத்தால் மதிய இடைவேளையும் வார இறுதியும் கோட்டைச் சாய்த்துவிடும்.

நீங்கள் பார்ப்பது தொடர் ஒப்பந்தச் சார்ட் என்று நினைக்கிறேன். மூன்றாம் மாத ஒப்பந்தமே அளவுகோலாகக் கொள்ளப்படுவதால், மாதம் தோறும் ஒரு ஒப்பந்தத்திலிருந்து அடுத்ததற்கு விலை தாவுகிறது. இரண்டு மாதங்களின் விலைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் அந்தத் தாவலே பொய்யான முகட்டையோ முறிவையோ உண்டாக்கிவிடும். பழைய விலைகளை வேறுபாட்டுத் தொகை அளவுக்கு நகர்த்திச் சரிசெய்த தொடரைப் பயன்படுத்தினால் ரிங்கிட் சரிவு பாதிக்கப்படாது, ஆனால் விகிதங்கள் மாறிவிடும் என்பதால் லாக் கோடுகளுக்கு அது உதவாது. அவற்றுக்கு விகிதத்தால் பெருக்கிச் சரிசெய்த தொடர் வேண்டும்.

பைத்தானுக்கு மாறுவதால் இந்தச் சிக்கல் தீராது. இன்னும் எளிதாக மறைந்துகொள்ளும் என்றே சொல்வேன். சைபை நூலகத்தின் ஃபைண்ட்பீக்ஸ் போன்ற செயற்கூறுகள் முழுத் தரவையும் ஒரே நேரத்தில் பார்த்து முகடுகளின் இடத்தைத் தருகின்றன. எந்தக் கேண்டிலில் அது தெரியவந்தது என்பதைத் தருவதில்லை. வலப்பக்க எண்ணை நீங்கள்தான் கூட்டிக்கொள்ளவேண்டும்.

எந்த மொழியில் எழுதினாலும் ஒரு சோதனையைச் செய்துவிட்டுத்தான் லாபக் கணக்கைப் பாருங்கள். தரவை 500ஆம் கேண்டிலோடு வெட்டி நிரலை ஓட்டி, அன்று நிலவிய கோடுகளின் இரு முனைகள், உறுதியான கேண்டில், முறிந்த கேண்டில் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முழுத் தரவிலும் ஓட்டி, 500ஆம் கேண்டில் வரை நடந்தவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். இரண்டு பட்டியலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். பைன் ஸ்கிரிப்ட்டில், பழைய சார்ட்டைக் கேண்டில் கேண்டிலாக மீண்டும் ஓட்டும் ரீப்ளே வசதியைக் கொண்டு இதைச் செய்யலாம். வெட்டும் இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு கோடாவது வேறுபட்டால் எதிர்கால விலை எங்கோ கசிகிறது என்று பொருள். இரண்டு பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்.