கிடார் பட்டறை: கேள்வி – பதில்

கோவையில் முப்பது வருடம் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மர மாதிரி, செய்தவன் நான். பம்பு பாடி, வால்வு, புல்லி என்று கேட்டதையெல்லாம் மரத்தில் செய்து கொடுத்தேன். இப்போது வீட்டு ஷெட்டில் எலக்ட்ரிக் கிடாரும், தாழ்ந்த சுரம் பேசும் பேஸ் கிடாரும் செய்கிறேன். சுமாராக வாசிக்கவும் செய்வேன். இந்த மாதக் கடிதங்களில் ஐந்து இங்கே.

மாமா வீட்டில் பழைய தேக்குக் கதவு ஒன்று கிடக்கிறது. அதில் எலக்ட்ரிக் கிடார் செய்யலாமா? நல்ல மரம் இல்லாவிட்டால் நாதம் வராது என்கிறார்களே?
– வாசகர், திருப்பூர்

தாராளமாகச் செய்யலாம், மாமா சம்மதித்தால். பழைய கதவில் ஈரம் எப்போதோ போயிருக்கும். பச்சை வாடை அடிக்கும் புது மரத்தைவிட அது எவ்வளவோ மேல். சங்கடம் எடையில்தான். பாடிக்கு 45 மில்லிமீட்டர் கனம் வேண்டும். தேக்கில் அந்தக் கனத்துக்கு வெட்டினால் பாடி மட்டுமே மூன்று கிலோவை ஒட்டி வரும். கதவுப் பலகை அவ்வளவு கனம் இருக்காது என்பதால் இரண்டை ஒட்ட வேண்டியிருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுகிற முகத்தை இழைத்து, தின்னரால் துடைத்து, அது காய்ந்ததும் தாமதிக்காமல் பசை தடவுங்கள்.

நாதம் பற்றி. வீணைக்குப் பலா மரம் தேடுகிறோம், ஏனென்றால் அங்கே குடம்தான் பாடுகிறது. உள்ளே குடைவில்லாத திண்ணக்கட்டை கிடாரில் அந்த வேலையைக் காந்தமும் காயிலும் பார்த்துக்கொள்கின்றன. கம்பி அசைய, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அமெரிக்கக் கிடார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நாலங்குலப் பைன் கட்டை ஒன்றில் கம்பி கட்டி வாசித்தார். பார்வைக்குக் கிடார் மாதிரி இருக்கட்டும் என்று வேறொரு கிடாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் சிறகாகப் பொருத்திக்கொண்டார்.

க்வீன் ராக் குழுவின் பிரையன் மே 1963-இல் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிடார் இன்னும் வேடிக்கை. கழுத்துப் பகுதியான நெக்குக்கு, குளிர்காயும் அடுப்பின் மேலிருந்த பழைய மஹாகனிப் பலகை. அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். பாடியில் பழைய மேசையின் ஓக். சுருதியை அசைக்கும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், அதன் கைப்பிடி நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. உலகம் சுற்றிய கிடார் அது.

மரத்தால் வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் உங்கள் முதல் கிடாரில் காதில் விழப்போவது மரம் அல்ல, அளவு. அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

ஃப்ரெட் (விரல் பலகையின் உலோக மெட்டு) இடங்களை எப்படிக் கணக்கிடுவது? கடைக் கிடார் மேல் காகிதம் வைத்துக் காப்பி எடுத்தால் போதாதா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

காகிதம் நீளும், சுருங்கும், மடங்கும். கணக்கே போடுங்கள், தம்பி. கஷ்டம் ஒன்றுமில்லை. கம்பி தலைப்பக்கம் உட்காரும் நட்டிலிருந்து, பாடிமேல் உட்காரும் பிரிட்ஜ் வரை 648 மில்லி என்று வையுங்கள். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37. அது முதல் ஃப்ரெட். மிச்சம் 611.63. அதையும் 17.817-ஆல் வகுத்தால் 34.33. அதுதான் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தூரம். இப்படியே போனால் 12-ஆவது சரியாக 324-இல், பாதியில், வந்து விழ வேண்டும். விழாவிட்டால் கணக்கில் எங்கோ கை வழுக்கியிருக்கிறது.

கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேய் லூட் என்ற கம்பி வாத்தியம் வாசிப்பவர். அவர் 16-ஆம் நூற்றாண்டிலேயே 18-ஆல் வகுக்கும் கணக்கை எழுதிவைத்தார். வாய்க்கணக்குக்குச் சுலபம். ஆனால் அதில் 12-ஆவது ஃப்ரெட் இரண்டு மில்லிக்கு மேல் முன்னால் வந்துவிடும். எலக்ட்ரிக் கிடாருக்கு அது ஆகாது.

ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளக்காதீர்கள். எல்லாத் தூரங்களையும் கூட்டி எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து, கத்தி முனையால் கோடு போடுங்கள். பென்சில் கோட்டின் தடிமனே அரை மில்லி வரும். அறுக்கப்போகிற காடியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இனி என் மானம் போன கதை. முதல் கிடாருக்கு மேலே சொன்னபடி ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். பட்டறையில் கைக்குப் பழகிய எஃகு ஸ்கேலை எடுத்துக் குறித்தேன், அறுத்தேன், ஃப்ரெட் அடித்தேன். பிரிட்ஜை மட்டும் சாதா டேப்பால் 648 அளந்து வைத்தேன். கம்பி கட்டி வாசித்தால், திறந்த கம்பி சுத்தம், மேலே போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. பன்னிரண்டாவதில் ஒரு ஃப்ரெட் வித்தியாசத்தில் ஆறில் ஒரு பங்கு ஏறிவிட்டது. ஒரு வாரம் கம்பியைக் குறை சொன்னேன், நட்டைக் குறை சொன்னேன். என் பேரன்தான் இரண்டு ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "தாத்தா, இது பெருசா இருக்குது" என்றான்.

பேட்டர்ன் ஆட்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். நான் எடுத்தது கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று வீதம் சுருங்கும். அதற்கு ஈடாக அந்த ஸ்கேலில் ஒவ்வொரு மில்லியும் நூற்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். என் ஃப்ரெட்கள் 648-க்கு அல்ல, 654.5-க்கு வெட்டப்பட்டிருந்தன.

நெக்கை அடுப்பில் போட இருந்தேன். நல்லவேளை, உட்கார்ந்து யோசித்தேன். எல்லா ஃப்ரெட்டும் ஒரே ஸ்கேலில் குறித்தவை, ஆகவே அவற்றுக்குள் விகிதம் கெடவில்லை. தனியாக நிற்பது பிரிட்ஜ் ஒன்றுதான். அதை ஆறரை மில்லி பின்னால் தள்ளினேன். சுருதி வந்து உட்கார்ந்தது. பழைய ஓட்டைகள் இன்னும் தெரிகின்றன. அதே கிடாரைத்தான் இன்றும் வாசிக்கிறேன்.

பிக்கப்பை வீட்டிலேயே சுற்ற முடியுமா? எங்கள் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கிறது.
– ஐ.டி.ஐ. மாணவர், மதுரை

முடியும். பிக்கப் என்பது மேலே சொன்ன காந்தமும் காயிலும்தான். கடைக்காரரிடம் 46-ஆம் நம்பர் எனாமல் கம்பி கேளுங்கள், 0.06 மில்லி. ஃபேன் காயில் கம்பி இதன் முன்னால் தாம்புக்கயிறு. தும்மினால் அறுந்துபோகும். ஒற்றைக் காயில் பிக்கப்புக்கு 8,000 சுற்றுக்குப் பக்கம் போக வேண்டும். முடித்து மல்டிமீட்டர் வைத்தால் 6 கிலோ ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்துவிட்டது. அழுதுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சுற்றுவதற்குத் தையல் மெஷின் மோட்டார் போதும். எலக்ட்ரிக் கிடாரின் தொடக்ககால ஆள் ஜார்ஜ் பீச்சம் வாஷிங் மெஷின் மோட்டாரில் சுற்றியதாகச் சொல்வார்கள். எண்ணிக்கைக்கு ஒரு மலிவான வழி: சுற்றும் தட்டில் சின்னக் காந்தம், பக்கத்தில் காந்தம் வந்தால் இணையும் ரீட் சுவிட்ச், அதிலிருந்து இரண்டு ஒயர் பழைய கால்குலேட்டரின் சமக்குறிப் பொத்தானுக்கு. 1+1 அழுத்திவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று ஏறும். கம்பியை விரல் நுனியில் பஞ்சு வைத்துப் பிடியுங்கள்.

சுற்றியதும் மெழுகில் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் சத்தம் கூட்டும்போது காயில் தானே கூவும். மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், 65 டிகிரி போதும். பிரையன் மே தன் பிக்கப்புகளுக்கு அரால்டைட் ஊற்றினார். அதுவும் வேலை செய்யும், ஆனால் அப்புறம் பிரிக்க முடியாது.

வீணை வாசிக்கிறேன். ஃப்ரெட் இல்லாத பேஸ் கிடார் மேல் ஆசை. வீட்டிலுள்ள பழைய கிடாரை மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

வேண்டாம், அம்மா. பேஸின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸில் பேசுவது. கிடாரின் 648 மில்லியில் அதைக் கட்டினால் துணி காயப்போடுகிற கயிறு மாதிரி தொளதொளக்கும். அமெரிக்கக் கிடார் கம்பெனி ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பேஸுக்கு 34 அங்குலம், அதாவது 864 மில்லி. நான்கு கம்பிகள் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுக்கும். எலக்ட்ரிக் கிடாரின் ஆறும் சேர்ந்தாலே வழக்கமாக 50-ஐத் தொடாது. ஆகவே நெக் புதிதாக வேண்டும், உள்ளே அது வளையாமல் தாங்கும் எஃகு ட்ரஸ் ராடோடு.

ஆனால் ஃப்ரெட் இல்லாதது என்று முடிவெடுத்தீர்களே, அதற்கு ஒரு சபாஷ். வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டும்போது தப்பு வந்தால் சூடு காட்டி நகர்த்திவிடலாம். கிடாரில் அறுத்தது அறுத்ததுதான். ஃப்ரெட்டே இல்லையென்றால் அந்தப் பயமும் இல்லை. சுருதியை உங்கள் காது பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும்: வீணையில் கம்பியை இழுத்துப் பிடிக்கும் கமகம் இதில் வராது. சித்திர வீணை மாதிரி வழுக்கித்தான் போக வேண்டும்.

விரல் பலகைக்குத் தோதகத்தி போன்ற கடின மரம் போடுங்கள், கம்பி வழவழப்பான ஃப்ளாட்வவுண்டாக இருக்கட்டும். சுருள் கம்பி பலகையை அரம் மாதிரி ராவிவிடும். பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட்களைப் பிடுங்கிய தன் பேஸில் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசிக்கொண்டது அதனால்தான். பாடியின் மேல்கொம்பு 12-ஆவது இடம் வரை நீளட்டும். இல்லாவிட்டால் தலை கனத்து, பேஸ் தரையைப் பார்த்துச் சாயும்.

மகன் செய்த கிடாரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது. நேற்றுப் பாடும்போது மைக்கில் உதடு பட்டுச் சுருக்கென்று அடித்தது என்றான். பயப்பட வேண்டுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

தொட்டால் இரைச்சல் குறைவது சாதாரணம். உதட்டில் அடித்தது சாதாரணம் இல்லை. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கிடார் கம்பி ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையர் உடலோடு சேர்ந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் உடல் எர்த்தோடு சேர வேண்டும். பிளக்கில் மூன்றாவது பின் இல்லாவிட்டாலோ, சுவரில் எர்த் ஒயரே வராவிட்டாலோ, மைக்குக்கும் கிடாருக்கும் நடுவில் மின்சாரம் ஓட உங்கள் மகன்தான் பாதை. அது உதட்டிலிருந்து விரலுக்கு, நெஞ்சு வழியாகப் போகும். ஷாக் அடிக்கிறதே என்று கிடாருக்குள் கம்பிக்குப் போகும் கிரவுண்டு ஒயரைப் பிடுங்கிவிடப் போகிறான். அது தீர்வு இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதித்து, கசிவு கண்டால் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். மைக், கிடார் இரண்டின் ஆம்ப்ளிஃபையரும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும்.

எர்த் சரியானதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். இரைச்சலுக்கு உள்ளே செம்புத் தாள் ஒட்டுவது எப்படி என்று அப்புறம் சொல்கிறேன்.